தொடக்கநிலை மாணவர்களின் அணிமொழிப் புரிதல்: உவமவியல் வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கப்பள்ளித் தமிழ்க் கற்பித்தலில் உவமை, உருவகம், மரபுத்தொடர், பழமொழி ஆகியன பெரும்பாலும் அடையாளங்காணும் பயிற்சியாகவோ மனப்பாடப் பட்டியலாகவோ அமைகின்றன. இவ்வகைப் பயிற்சிகளில் மாணவர் பொருளை உணராமலே சரியான விடை எழுதிவிட முடிகிறது; பொருளை நோக்கி ஓரளவு நகர்ந்த மாணவரின் விடையோ தவறெனத் தள்ளப்படுகிறது. தொல்காப்பிய உவமவியல் கூறும் வினை, பயன், மெய், உரு என்னும் நால்வகை அடிப்படையும், சுட்டிக்கூறா உவமம் பற்றிய அதன் நெறியும் இச்சிக்கலுக்கு உரிய கற்பித்தல் வழியைத் தருகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. குழந்தைகளின் உருவகப் புரிதல் குறித்து 1960 முதல் வெளிவந்த உளவியல் ஆய்வுகளோடு உவமவியல் கருத்துகள் ஒப்பிடப்படுகின்றன. இவ்வணுகுமுறையின் எல்லைகளும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அணிமொழி, உவமவியல், பொதுத்தன்மை, சுட்டிக்கூறா உவமம், பிசி, மரபுத்தொடர், தொடக்கக்கல்வி, மதிப்பீடு.

முன்னுரை

நேர்ப்பொருளைக் கடந்து பிறிதொரு பொருளை உணர்த்தும் மொழிவழக்குகள் அனைத்தும் இக்கட்டுரையில் ‘அணிமொழி’ எனக் குறிக்கப்படுகின்றன. உவமை, உருவகம், ஆகுபெயர், மரபுத்தொடர், விடுகதை, பழமொழி ஆகியன இதில் அடங்கும். அணிமொழி செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் பேசும் வீட்டில் வளரும் குழந்தை பள்ளிக்கு வரும் முன்னரே அதைக் கையாளத் தொடங்கிவிடுகிறது. ஊசிக்குக் காது உண்டு. பானைக்குக் கழுத்தும் வாயும் உண்டு. தேங்காய்க்குக் கண் உண்டு. ‘மூக்கு ஒழுகுகிறது’ என்று சொல்லும் குழந்தை, ஒழுகுவது மூக்கன்று, சளி என்பதை அறிந்தே சொல்கிறது. ‘வெயில் கொளுத்துகிறது’, ‘பசி வயிற்றைக் கிள்ளுகிறது’ என்பனவும் இத்தகையனவே. அன்றாடப் பேச்சும் சிந்தனையும் உருவகங்களால் கட்டமைந்தவை என்று ஜார்ஜ் லேக்காப், மார்க் ஜான்சன் ஆகியோர் 1980இல் முன்வைத்த கருத்து இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வாறு அணிமொழியோடு பள்ளிக்கு வரும் குழந்தை, சில ஆண்டுகளுக்குப் பின் வகுப்பறையில் உவமையையும் மரபுத்தொடரையும் புதிய பாடப்பொருளாகச் சந்திக்கிறது. அங்கே அது தடுமாறுகிறது. வீட்டில் இயல்பாகப் புரிந்தது பள்ளியில் ஏன் கடினமாகிறது என்னும் வினாவுக்குக் குழந்தையின் திறனில் மட்டும் விடை தேடுவது போதாது. வகுப்பறை கேட்கும் வினாக்களின் இயல்பும் ஆராயப்பட வேண்டும். அவ்வினாக்களைத் திறனாய்ந்து, மாற்று வழியைத் தமிழ் இலக்கண மரபிலிருந்தே காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா வகைகளும் அவற்றின் குறைபாடும்

தொடக்கநிலைப் பயிற்சிகளில் பரவலாகக் காணப்படும் அணிமொழி வினாக்கள் மூவகைப்படும். உவம உருபை அடிக்கோடிடச் சொல்வது முதல் வகை. மரபுத்தொடரை அதன் பொருளோடு பொருத்தச் சொல்வது இரண்டாம் வகை. பழமொழியின் விடுபட்ட பகுதியை நிரப்பச் சொல்வது மூன்றாம் வகை.

முதல் வகையில், ‘அவன் சொல் தேள்கொடுக்குப் போன்றது’ என்னும் தொடரைக் கொண்டு நோக்கலாம். ‘போன்றது’ என்பதை அடிக்கோடிட்ட மாணவர் முழு மதிப்பெண் பெறுகிறார். சொல்லுக்கும் தேள்கொடுக்குக்கும் என்ன ஒப்புமை என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. மேலும் ‘போல’ என்னும் உருபு உவமைக்கு மட்டும் உரியதன்று. ‘அண்ணனைப் போலத் தம்பியும் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான்’ என்பதில் அது நேரான ஒப்பீட்டைக் குறிக்கிறது. ‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதில் ஊகத்தைக் குறிக்கிறது. ‘மான் போல ஓடினாள்’ என்பதில்தான் அது உவமை உருபாகிறது. உருபைக் கண்டதும் உவமை என்று முடிவு செய்யப் பழகிய மாணவர் இம்மூன்றையும் ஒன்றாகவே கொள்வார். அதே மாணவர் ‘அவன் படிப்பில் புலி’ என்னும் தொடரில் உருபு இல்லாமையால் அணிமொழியே இல்லை என்று கருதவும் கூடும்.

இரண்டாம் வகை வினா நினைவாற்றலைச் சோதிக்கிறது. ‘கானல் நீர் – இல்லாத ஒன்று’, ‘கயிறு திரித்தல் – பொய்யாகப் புனைந்து கூறுதல்’ எனப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்த மாணவர் பொருத்துக வினாவில் வெற்றி பெறுவார். ஆனால் பட்டியலில் இல்லாத தொடர் ஒன்றைக் கதையில் சந்திக்கும்போது அதன் பொருளை அணுகும் வழி அவரிடம் இராது. மூன்றாம் வகையில் ‘சிறு துளி’ என்றதும் ‘பெரு வெள்ளம்’ என எழுதுவதற்கு ஓசை நினைவே போதும். சேமிப்புக்கும் அப்பழமொழிக்கும் உள்ள தொடர்பை உணர வேண்டியதில்லை.

மூன்று வினா வகைகளிலும் பொதுவான குறை ஒன்று உண்டு. உவமை, உவமேயம், பொதுத்தன்மை, உவம உருபு என்னும் உறுப்புகளுள் புரிதலுக்கு உயிரானது பொதுத்தன்மை. வினாக்கள் தொடாமல் விடுவது அதையே.

குழந்தைகளின் புரிதல் குறித்த ஆய்வுகள்

குழந்தைகளின் அணிமொழிப் புரிதல் குறித்த உளவியல் ஆய்வுகளுள் சாலமன் ஆஷ், ஹாரியட் நெர்லவ் ஆகியோர் 1960இல் வெளியிட்ட ஆய்வு முன்னோடியானது. இனிமை, குளிர்ச்சி, கடினம், ஆழம் எனப் பொருளின் பண்பையும் மனிதரின் உளப்பண்பையும் ஒருங்கே குறிக்கும் சொற்களை அவர்கள் ஆராய்ந்தனர். இளங்குழந்தைகள் இச்சொற்களை முதலில் பொருள்களுக்கு மட்டுமே உரியனவாகக் கொண்டனர். உளப்பண்பு குறிக்கும் பொருளைப் பின்னர்த் தனியாகக் கற்றனர். இரண்டிற்கும் இடையேயுள்ள தொடர்பை விளக்கும் திறன் ஏறத்தாழப் பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே வெளிப்பட்டது.

எல்லன் வின்னர், ரோசன்ஸ்டீல், ஹோவர்ட் கார்ட்னர் ஆகியோரின் 1976ஆம் ஆண்டு ஆய்வு, குழந்தைகளின் விடைகளை வகைப்படுத்தியமையால் ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. அவ்வகைப்பாட்டைத் தமிழ்த் தொடர் ஒன்றின்மேல் பொருத்திப் பார்க்கலாம். ‘பாட்டியின் மனம் வெண்ணெய்’ என்பதற்குப் பொருள் கேட்டால் நான்கு வகை விடைகள் எழக்கூடும். ‘மந்திரவாதி பாட்டியின் மனத்தை வெண்ணெயாக மாற்றிவிட்டான்’ என்பது மாயப் பொருள். ‘பாட்டிக்கு வெண்ணெய் பிடிக்கும்’ என்பது இரு பொருள்களையும் அருகருகே வைத்துத் தொடர்புபடுத்தும் விடை. ‘பாட்டியின் மனம் வெள்ளையாக இருக்கும்’ என்பது புறத்தோற்ற ஒப்புமையில் நிற்கும் தொடக்கநிலை உருவகப் பொருள். ‘சிறு துன்பத்தைக் கண்டாலும் இளகிவிடும்’ என்பதே முழுமையான உருவகப் பொருள். ஆறு முதல் எட்டு வயதினரிடம் முதல் மூன்று வகை விடைகளும் மிகுதியாகத் தோன்றுவதையும், பத்து வயதையொட்டி நான்காம் வகை வலுப்பெறுவதையும் அவ்வாய்வு காட்டியது.

டெட்ரே ஜென்ட்னர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இவ்வளர்ச்சியின் திசையைத் தெளிவுபடுத்தியது. வண்ணம், வடிவம் ஆகிய புறப்பண்புகளின் ஒப்புமையை ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளும் உணர்கின்றனர். செயல், பயன்பாடு முதலிய உறவுநிலை ஒப்புமையை நாடுவது வயது கூடக்கூட மிகுகிறது. இம்மாற்றத்திற்கு வயதைவிடப் பொருளறிவின் வளர்ச்சியே முதன்மைக் காரணம் என்பது பின்னர் அவர் வலியுறுத்திய கருத்தாகும். பஞ்சு நீரை உறிஞ்சி, பிழிந்தால் வெளியிடும் என்பதைக் கையால் செய்து பார்த்த குழந்தைக்கு மேகத்தைப் பஞ்சாகக் கூறும் தொடரில் நிறமல்லாத பிறிதொரு ஒப்புமையும் தெரியும்; செய்து பார்க்காத குழந்தைக்கு நிறம் மட்டுமே தெரியும்.

கிறிஸ்டினா கச்சாரி, மரியா கியாரா லெவொராட்டோ ஆகியோர் இத்தாலியக் குழந்தைகளிடம் நிகழ்த்தி 1989இல் வெளியிட்ட ஆய்வு, மரபுத்தொடர் தனியே தரப்படுவதைவிடக் கதைச் சூழலில் தரப்படும்போது ஏழு வயதுக் குழந்தைகளும் அதன் மரபுப்பொருளை அணுகுகின்றனர் என்பதை எடுத்துக்காட்டியது. இவ்வாய்வுகளிலிருந்து தமிழ்க் கற்பித்தலுக்குரிய மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. தவறெனத் தோன்றும் விடை புரிதலின் ஒரு படிநிலையாக இருக்கலாம். ஒப்புமையுணர்வு புறப்பண்பிலிருந்து உறவுநிலை நோக்கி வளர்கிறது. சூழலும் பொருளறிவும் அவ்வளர்ச்சிக்குத் துணைசெய்கின்றன.

உவமவியலின் நால்வகை அடிப்படை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உவமவியல், உவமை தோன்றும் நிலைக்களன்களாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கைக் கூறுகிறது. வினை என்பது தொழில். பயன் என்பது விளைவு. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். உவம உருபுகளையும் இந்நான்கிற்கும் எட்டெட்டாகப் பகுத்துரைக்கிறது. இங்குக் கருதத்தக்கது, உவமையை உருபின் அடிப்படையில் மட்டும் அணுகாமல் ஒப்புமையின் தன்மையை முதன்மைப்படுத்தும் அதன் முறையாகும். பள்ளிப் பயிற்சிகள் உருபைத் தேடச் சொல்கின்றன. உவமவியலோ எதனால் ஒத்தது என்று கேட்கிறது.

உளவியல் ஆய்வுகள் காட்டும் வளர்ச்சித் திசையை இந்நான்கோடு ஒப்பிடும்போது குறிப்பிடத்தக்க இயைபு ஒன்று புலப்படுகிறது. உருவும் மெய்யும் கண்ணுக்குப் புலனாகும் புறப்பண்புகள். வினையும் பயனும் ஒரு பொருள் பிறிதொன்றோடு கொள்ளும் உறவில் வெளிப்படுவன. ஆகவே இந்நான்கையும் நூல் கூறும் வரிசையிலிருந்து மாற்றி, உரு, மெய், வினை, பயன் என அடுக்கினால் குழந்தையின் புரிதல் வளரும் வரிசை கிடைக்கிறது. நிலவைப் பால் என்பது உரு. முழுநிலவைத் தட்டு என்பதும் பிறையை அரிவாள் என்பதும் மெய். மெல்ல நடப்பவரை நத்தை என்பது வினை. துன்பம் அணுகாமல் காத்து நின்ற அண்ணனைக் குடை என்பது பயன். ‘பாட்டியின் மனம் வெண்ணெய்’ என்பதற்கு ‘வெள்ளை’ என்று விடையளித்த மாணவர் உருவில் நிற்கிறார். ‘இளகும்’ என்றவர் வினைக்கு வந்துவிட்டார். முன்னவருக்குத் தவறு எனக் குறியிடுவதைவிட, ‘வெண்ணெயை வெயிலில் வைத்தால் என்ன ஆகும்?’ என்று ஆசிரியர் கேட்பது அவரை அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும்.

இலக்கண நூல்களின் உரைகளிலும் பள்ளி இலக்கணங்களிலும் இந்நான்கிற்கும் தரப்படும் மரபான எடுத்துக்காட்டுகளை அப்படியே தொடக்கநிலைக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. துடியிடை என்பதை உணர, நடுவில் சுருங்கிய துடி என்னும் பறையைக் கண்டிருக்க வேண்டும். பவளவாய் என்பதை உணரப் பவளத்தின் நிறம் தெரிந்திருக்க வேண்டும். உவமை என்பது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது. வாயை அறிந்த குழந்தைக்குப் பவளத்தை விளக்க நேரும் வகுப்பறையில் அம்முறை தலைகீழாகிவிடுகிறது. கொள்ள வேண்டியது மரபின் வகைப்பாட்டை. எடுத்துக்காட்டுகள் மாணவரின் சுற்றுப்புறத்திலிருந்து வர வேண்டும்.

சுட்டிக்கூறா உவமமும் வகுப்பறைச் செயல்முறையும்

பொதுத்தன்மை வெளிப்படக் கூறப்படாத உவமையைத் தொல்காப்பியம் சுட்டிக்கூறா உவமம் என்கிறது. அத்தகைய இடத்தில் உவமையையும் பொருளையும் எதிரெதிர் வைத்து, இரண்டிற்கும் பொருந்துவனவற்றைக் கொள்ள வேண்டும் என்பது அதன் நெறி. இது செய்யுட்பொருள் காண்பதற்குக் கூறப்பட்டதாயினும் ஒரு தெளிவான கற்பித்தல் செயல்முறையாகவும் அமைகிறது.

‘என் அக்கா ஒரு தேனீ’ என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதி, ஒருபுறம் தேனீ பற்றி மாணவர்க்குத் தெரிந்தவற்றையெல்லாம் பட்டியலிடச் செய்யலாம். பறக்கும், கொட்டும், சிறியது, இடைவிடாது உழைக்கும், தேன் சேர்க்கும், கூட்டமாக வாழும் என அவர்கள் கூறுவர். பின்னர் ஒவ்வொன்றையும் அக்காவோடு சேர்த்துப் பார்த்துப் பொருந்தாதவற்றை நீக்கச் செய்யலாம். பறத்தல் நீங்கும். கொட்டுதல் நீங்குமா என்பதில் கருத்து வேறுபாடு எழலாம். சுடுசொல் பேசும் அக்காவாக இருந்தால் அதுவும் பொருந்தும் என ஒருவர் வாதிடலாம். அப்போது தொடரின் முன்னும் பின்னும் உள்ளதைப் படித்து முடிவு செய்ய வேண்டிய தேவை எழுகிறது. ‘விடியற்காலையில் எழுந்து வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள்’ என்று அடுத்த தொடர் இருக்குமானால் உழைப்பே பொதுத்தன்மை எனத் துணியலாம். சூழலின் பங்கையும் மாணவர் இங்கே தாமாக உணர்கின்றனர். பொருந்தாதவற்றை நீக்குவதும் புரிதலின் ஒரு பகுதி என்பதை இச்செயல்முறை கற்பிக்கிறது.

தண்டியலங்காரம் பொதுத்தன்மையை விரித்துக் கூறுவதை விரியுவமை என்றும் தொகுத்துக் கூறுவதைத் தொகையுவமை என்றும் பிரிப்பதும் கற்பித்தல் வரிசைக்கு உதவுகிறது. ‘பஞ்சு போல மென்மையான கை’ என்னும் விரியில் தொடங்கி, ‘பஞ்சு போன்ற கை’ என்னும் தொகைக்கு வந்து, ‘அவள் கை பஞ்சு’ என உருபும் நீங்கிய நிலைக்கு மாணவரை அழைத்துச் செல்லலாம். தொல்காப்பியம் உருவகத்தைத் தனியணியாகப் பெயரிட்டு வகுக்கவில்லை, தண்டியலங்காரம் வகுக்கிறது. தொடக்கநிலையில் இவ்விரண்டையும் பெயரால் வேறுபடுத்தக் கற்பிப்பதற்கு முன், ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்றை உணரச் செய்வதே தக்கது.

பிசியும் விடுகதையும்

தொல்காப்பியச் செய்யுளியல் பிசி என்னும் வகையை இரண்டாகப் பகுக்கிறது. ஒப்புமையோடு கூடிய உவமையால் அமைவது ஒன்று; புலப்படும் ஒன்றைக் கூறி அதன்வழிப் பிறிதொன்றைத் துணியவைப்பது மற்றொன்று. இன்று விடுகதை என வழங்கும் வடிவத்தின் இலக்கணமாகவே இது அமைந்துள்ளது. உவமேயத்தை மறைத்து உவமையை மட்டும் முன்வைப்பது விடுகதையின் இயல்பு. முட்டையை வாசலில்லாத வீடாகவும், தேங்காயை முக்கண்ணனாகவும் காட்டும் விடுகதைகளை அவிழ்க்கும் குழந்தை, பொதுத்தன்மையைப் பிடித்துக்கொண்டு மறைந்துள்ள பொருளைத் தேடுகிறது.

வகுப்பறையில் உவமையும் உவமேயமும் தரப்பட்டுப் பொதுத்தன்மை கேட்கப்படுகிறது. விடுகதையில் உவமையும் பொதுத்தன்மைகளும் தரப்பட்டு உவமேயம் கேட்கப்படுகிறது. பொருட்குறிப்புகள் கூடுதலாகக் கிடைப்பதால் இது எளிது. விளையாட்டாக அமைவதால் ஈர்ப்புடையது. தொடக்கநிலைப் பாடங்களில் விடுகதைக்கு இடம் உண்டெனினும், பெரும்பாலும் அது பொழுதுபோக்குப் பகுதியாகவே கருதப்படுகிறது. விடை சொன்னதும் விடுகதை முடிந்துவிடுகிறது. விடை கிடைத்தபின் ‘முட்டையை ஏன் வீடு என்றனர்? எது பொருந்துகிறது? எது பொருந்தவில்லை?’ என்று மேலும் மூன்று வினாக்கள் கேட்கப்படுமானால் அதுவே உவமைப் பாடமாகிவிடும். மாணவர் தம் வீட்டுப் பொருள் ஒன்றுக்குத் தாமே விடுகதை அமைக்க முயலும்போது, உவமையைப் புரிந்துகொள்பவர் நிலையிலிருந்து படைப்பவர் நிலைக்கு உயர்கின்றனர்.

மரபுத்தொடரும் பண்பாட்டறிவும்

மரபுத்தொடர்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றின் பொருளுக்கு வழி அவற்றின் சொற்களிலேயே கிடைக்கிறது. ‘கரைத்துக் குடித்தல்’ என்பதில் நூல் முழுவதையும் உள்வாங்குதல் என்னும் பொருளைச் சற்று முயன்றால் எட்டலாம். ‘ஒற்றைக்காலில் நிற்றல்’ என்பதை நடித்துப் பார்த்தால் பிடிவாதம் புலனாகும். வேறு சிலவற்றிற்குப் பொருளறிவு தேவை. ‘அத்தி பூத்தாற் போல’ என்பதன் அடிப்படை, அத்தியின் பூக்கள் காய் போன்ற உறையின் உள்ளே மறைந்திருத்தல். ஓர் அத்திக்காயை அறுத்துக் காட்டினால் அரிதாகக் காணப்படுதல் என்னும் பொருள் மனத்தில் நிலைக்கும். ‘கம்பி நீட்டுதல்’ போன்ற சிலவற்றிலோ சொற்களிலிருந்து பொருளை ஊகித்தல் கடினம். அவற்றைக் கதைச் சூழலில் பலமுறை கேட்டுப் பழகுவதே வழி. மூவகையையும் ஒரே பட்டியலில் கலந்து தருவதால், ஊகித்துணரத்தக்க தொடர்களும் மனப்பாடத்திற்கு உரியனவாகிவிடுகின்றன.

பல தொடர்களின் அடிப்படைப் பொருள்கள் வழக்கொழிந்து வருவதும் கருதத்தக்கது. உறி, உரல், செக்கு, குடுக்கை ஆகியவற்றைக் காணாத குழந்தைகள் இன்று நகரங்களில் மட்டுமின்றிச் சிற்றூர்களிலும் உள்ளனர். உறியில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது பற்றிய பழமொழியைக் கற்பிக்குமுன் உறியைப் படமாகவேனும் காட்டுதல் வேண்டும்.

வீட்டுமொழி வேறாக அமைந்த மாணவரின் நிலை இன்னும் கவனத்திற்குரியது. தமிழகத் தொடக்கப்பள்ளிகளில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராட்டிரம் முதலிய மொழிகளை வீட்டில் பேசும் குழந்தைகளும், பழங்குடிக் குழந்தைகளும், வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகளும் பயில்கின்றனர். அவர்களுக்கு மரபுத்தொடர்ப் பட்டியல் முற்றிலும் புதியது. அவர்தம் மொழியிலும் அணிமொழி உண்டு. ஆனால் ஒப்புமை வேறிடத்தில் அமையலாம். தமிழில் ஊசிக்கு இருப்பது காது. ஆங்கிலத்தில் அதற்குக் கண். இத்தகைய வேறுபாட்டை வகுப்பில் பேசினால் அக்குழந்தையின் வீட்டுமொழி இடையூறாக இராது, ஒப்பீட்டுக்கு உதவும் வளமாகும். பட்டியல் மனப்பாடமோ அக்குழந்தையைப் பின்தங்கியவர் என முத்திரையிடுகிறது.

பிற பாடங்களில் அணிமொழி

அணிமொழிப் புரிதலை மொழிப்பாடத்தின் ஒரு சிறு பகுதியாக மட்டும் கருதுவது பொருந்தாது. கணக்கிலும் அறிவியலிலும் அது இன்றியமையாதது. 52இலிருந்து 27ஐக் கழிக்கும்போது, பத்துகளின் இடத்திலிருந்து ‘கடன் வாங்குதல்’ என்று வகுப்புகளில் சொல்லப்படுவதுண்டு. கடன் என்றால் திருப்பித் தரவேண்டும் என்பதை வீட்டில் அறிந்த குழந்தை, எப்போது திருப்பித் தருவது என்று கேட்டால் அவ்வினா பொருளுடையதே. ஒரு பத்து பத்து ஒன்றுகளாக மாற்றப்படுகிறது என்பதே அங்கு நிகழ்வது. திருப்பித் தருதல் அங்குப் பொருந்தாத கூறு. அதனை வெளிப்படையாக நீக்கிக் காட்டாவிட்டால் உருவகமே கணக்கை மயக்கிவிடும்.

‘உணவுச் சங்கிலி’ என்னும் தொடரில் சங்கிலியின் வடிவில் நிற்கும் மாணவருக்கு அது வெறும் படமாகவே தெரியும். ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பற்றியிருத்தலும், ஒன்று அறுந்தால் தொடர் முழுவதும் பாதிக்கப்படுதலும் பொதுத்தன்மை என உணர்பவருக்கே புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்னும் வரிசையின் கருத்து விளங்கும். ‘மின்னோட்டம்’, ‘கிளையாறு’ முதலிய கலைச்சொற்களும் இவ்வாறே அமைந்துள்ளன. எனவே பொதுத்தன்மையைத் தேடவும் பொருந்தாததை நீக்கவும் தொடக்கநிலையில் பழகாத மாணவர், மேல்வகுப்புகளில் கலைச்சொற்களையும் பொருளுணராது மனப்பாடம் செய்யும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். இச்சிக்கலின் முழு அளவு இங்குத்தான் புலனாகிறது.

மதிப்பீட்டில் தேவைப்படும் மாற்றம்

புரிந்துகொள்ளுதலும் புரிந்ததை விளக்குதலும் வேறு வேறு திறன்கள். ஸ்டெல்லா வோஸ்னியாடோ 1987இல் எழுதிய மதிப்பாய்வு, உருவகப் புரிதல் பள்ளிப்பருவத்திற்கு முன்பே அரும்புகிறது என்றும், அது குழந்தையின் அறிவுப்பரப்பையும் தரப்படும் பணியின் தன்மையையும் பொறுத்தது என்றும் எடுத்துரைத்தது. ‘பொருள் எழுதுக’ என்னும் ஒற்றை வினாவால் மட்டும் அளக்கும்போது, உணர்ந்தும் சொல்லத் தெரியாத மாணவர் உணராதவராகக் கணிக்கப்படுகிறார்.

ஆகவே மதிப்பீட்டில் பின்வரும் வகையான பணிகள் இடம்பெறலாம். ஒரு தொடருக்குப் பொருந்தும் நிகழ்ச்சியை மூன்று படங்களுள் தேர்ந்தெடுத்தல்; மரபுத்தொடர் வரும் சிறுகதைக்கு முடிவு சொல்லுதல்; ‘போல’ வரும் மூன்று தொடர்களுள் உவமையாகாதவற்றைப் பிரித்துக் காரணம் கூறுதல்; ஒரே பொருளுக்கு நிறத்தால் ஓர் உவமையும் செயலால் ஓர் உவமையும் அமைத்தல். விடைகளுக்குச் சரி, தவறு என இரண்டு நிலைகள் மட்டும் வகுப்பதற்கு மாறாக, உரு, மெய், வினை, பயன் எனப் படிநிலை குறித்தால், ஒரு மாணவர் எந்நிலையில் உள்ளார் என்பதும் அடுத்து அவரிடம் கேட்கத்தக்க வினா யாது என்பதும் ஆசிரியருக்குத் தெளிவாகும்.

அணுகுமுறையின் எல்லைகள்

உவமவியல் செய்யுட்பொருள் உணர்வதற்காக எழுந்தது. குழந்தை வளர்ச்சியை விளக்க எழுந்ததன்று. மேலே கூறிய வரிசை, நூலின் வகைப்பாட்டை இக்காலத் தேவைக்குப் பயன்கொள்ளும் முயற்சியே ஆகும். அந்நூலின் கருத்தாக அதனை ஏற்றிக் கூறுதல் தகாது. நால்வகை அடிப்படைகளும் ஒன்றோடொன்று விரவியும் வரும் என்பதைத் தொல்காப்பியமே கூறுகிறது. எனவே ஒவ்வோர் உவமையையும் ஒரே பிரிவில் அடக்க மாணவரை வற்புறுத்தினால், உருபைத் தேடும் பயிற்சி போய் வகையைத் தேடும் பயிற்சி வந்ததாக முடியும். இந்நான்கு சொற்களும் ஆசிரியரின் கருவிகளாக இருந்தால் போதும். மாணவருக்கு அவற்றைக் கலைச்சொற்களாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

வினையும் பயனும் எல்லா இடத்தும் கடினமானவை என்பதும் இல்லை. ‘மான் போல ஓடினாள்’ என்னும் வினையுவமம் ஆறு வயதுக் குழந்தைக்கும் எளிது. கடினத்தைத் தீர்மானிப்பதில் ஒப்புமையின் வகையோடு, உவமையாகும் பொருளைக் குழந்தை எந்த அளவு அறிந்திருக்கிறது என்பதும் பங்கு பெறுகிறது. மேலும் மேற்கண்ட உளவியல் ஆய்வுகள் பிறமொழிக் குழந்தைகளிடம் நிகழ்த்தப்பட்டவை. வகுப்பறையில் தமிழ்க் குழந்தைகள் கூறும் விடைகளைத் திரட்டி இவ்வரிசையைச் சோதித்தல் தொடர்ந்து செய்யத்தக்க ஆய்வாகும். பாடத்தை முடிக்க வேண்டிய கால நெருக்கடியில் உள்ள ஆசிரியருக்கு இத்தகைய உரையாடல் கூடுதல் சுமையாகத் தோன்றலாம். இருபது மரபுத்தொடர்களைப் பட்டியலிடும் நேரத்தில் நான்கைந்து தொடர்களை எதிரெதிர் வைத்து ஆராய்ந்தால், எஞ்சியவற்றை மாணவர் தாமே அணுகும் வழி திறக்கும் என்பதே இதற்குரிய விடையாகும்.

முடிவுரை

தொடக்கநிலை அணிமொழிப் பயிற்சிகள் உவம உருபையும் மனப்பாடப் பொருளையும் மையப்படுத்துவதால், புரிதலுக்கு அடிப்படையான பொதுத்தன்மை கவனம் பெறாமற்போகிறது. உவமவியலின் நால்வகை அடிப்படை அப்பொதுத்தன்மையை மையத்திற்குக் கொண்டுவருகிறது. அதனை உரு, மெய், வினை, பயன் என வரிசைப்படுத்தும்போது குழந்தைகளின் புரிதல் வளர்ச்சி பற்றிய ஆய்வுகளோடு பெரிதும் இயைகிறது. சுட்டிக்கூறா உவமம் பற்றிய நெறி வகுப்பறைச் செயல்முறையாகவும், பிசி இயல்பான தொடக்கப் பயிற்சியாகவும் அமையத்தக்கன. மரபுத்தொடர்களைப் பொருள் உணரும் வழியின் அடிப்படையில் மூவகையாகப் பிரித்துக் கற்பித்தலும், வீட்டுமொழி வேறான மாணவரின் வழக்குகளை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலும் தேவை. கணக்கு, அறிவியல் கலைச்சொற்களின் புரிதலும் இத்திறனைச் சார்ந்திருப்பதால், தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சியிலும் வினாத்தாள் அமைப்பிலும் இம்மாற்றம் இடம்பெறுதல் வேண்டும். ‘பாட்டியின் மனம் வெண்ணெய்’ என்பதற்கு ‘வெள்ளை’ என்று எழுதும் மாணவரின் விடையில் தவறுக்குறி இடுவதற்கு முன், அவரிடம் இன்னுமொரு வினா கேட்கப்படுவதே அம்மாற்றத்தின் தொடக்கமாகும்.